க்ரிவோஷ் போட்ட மொட்டை மாடி

— ஸ்வர்ணா, ஏணிய விட்றாத.

— விடல. கயித்தால வேற கட்டியிருக்கீங்க, படிக்குப் படி ரப்பர் ஒட்டியிருக்கீங்க. அவ்ளோ பயமா உங்களுக்கு?

— பாதுகாப்பு முக்கியம்.

— மேல போயி என்ன பண்ணப் போறீங்க வெற்றி? பத்து மணிக்குக் கூரைக்காரர் வந்துடுவார்.

— அதான். கடைசியா ஒரு தடவ நின்னு பாத்துக்கறேன். இதுமேல சரிவா தகரம் போட்டுட்டா அப்புறம் மாடியாவது ஒண்ணாவது.

— நீங்கதான வேணும்னீங்க? ஹால்ல சொட்டு விழும்போதெல்லாம், "அந்த ஸ்லோவாக்கியாக்காரனுக்கு மழைன்னா என்னன்னே தெரியாது"ன்னு, செத்துப்போன ஆர்க்கிடெக்ட்ட திட்டினது யாரு?

— நீயும் பக்கெட்ட வச்சுக்கிட்டு ஆமா ஆமான்ன.

— பக்கெட் வைக்கிறவ வேற என்ன சொல்லுவா... மெதுவா. வலது பக்க மூலைக்குப் போகாதீங்க.

— ஏன்?

— அது... வழுக்கும்.

— இந்த வெயில்லயா?

— பாசி இருக்கும். இந்தப் பக்கமா நில்லுங்க. எனக்கு உங்க முகம் தெரியணும்.

— கல்யாணம் ஆனதுலேர்ந்து நீ இப்படி ஒரு ஆசையச் சொன்னதே இல்லையே.

— சும்மா இருங்க.

— உனக்கு வருத்தமா இல்லையா? இந்த ஊருக்கு ஜனவரிதான கோடை, போன ஜனவரில மாடி பூரா வடாம் போட்டியே.

— இல்லாம இருக்குமா? பிளாட் புஷ் ஏரியால என் சிநேகிதி கௌரி அவ்ளோ பெரிய புது வீட்ட வாங்கிட்டு, மொட்டை மாடி இல்லாம கார் மேல ஜவ்வரிசி வடாம் காயப்போடுறா. இந்த வீட்டுக்கு வந்தப்ப நான் சமையல்கட்டக்கூட எட்டிப் பாக்கல. மாடியப் பாத்துதான் சரின்னேன்.

— ஏஜென்ட் "தட்டைக் கூரை, நல்லா யோசிச்சுக்குங்க"ன்னு பயமுறுத்தினார். எனக்கு என்னமோ பாய் விரிச்சுப் படுக்கற இடமாத்தான் தெரிஞ்சுது.

— அந்த ஆர்க்கிடெக்ட் க்ரிவோஷ் தனக்குன்னு இந்த வீட்டக் கட்டினப்ப தெருவுல யாருக்குமே புரியலயாம். பெட்டி மாதிரி இருக்கேன்னு டெய்ரின்னு, அதான் இங்க தெருமுனைல இருக்குமே அந்த மளிகைக்கடைன்னு நினைச்சு, பாலும் பிரெட்டும் கேட்டு மணி அடிப்பாங்களாம். போன ஞாயித்துக்கிழமை வந்தப்ப அவர் பொண்ணு மார்த்தா சொன்னாங்க.

— அவர் என்ன பண்ணுவாராம்?

— பால் விக்கறதில்ல, காப்பி இருக்கு, உள்ள வாங்கன்னு கூப்பிடுவாராம்.

— நல்ல மனுஷன்.

— அவங்க ஊர்ல பெரிய பெரிய கட்டடம் கட்டினவராம். யுத்தத்துக்குத் தப்பி இங்க வந்தா, அந்தப் படிப்பு செல்லாதுன்னு மறுபடி பரீட்சை எழுத வச்சாங்களாம்.

— எனக்குப் பண்ணின மாதிரி.

— உங்களுக்குப் பண்ணின மாதிரிதான். நீங்களே அவரத் திட்டினீங்க.

— தெரியாமத் திட்டிட்டேன்.

— நான் மட்டும் என்ன... மார்த்தாகிட்டயே, "உங்கப்பா போட்ட கூரை ஒழுகுது, மூடப்போறோம்"னு வாய் கூசாம சொன்னேன். எழுபத்தெட்டு வயசு. என் கையப் பிடிச்சுக்கிட்டு, "அப்பா சார்பா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்"னாங்க.

— அதுவா உறுத்துது?

— இந்த வாரம் பூரா தூக்கமே இல்ல.

— ஒழுகறது நிஜம்தானே?

— மணி என்ன?

— பத்தாகப் போகுது.

— கூரைக்காரர் வந்த உடனே வேலைய ஆரம்பிச்சிடுவாரா?

— அதுக்குத்தான வர்றார்.

— என்னங்க... அந்த மூலைல தண்ணி இறங்குற குழாய் இருக்குல்ல?

— இருக்கு.

— அதுக்குள்ள உங்க வேட்டி இருக்கு.

— எந்த வேட்டி?

— கல்யாண வேட்டி. சலவைக்குப் போட்ட இடத்துல தொலைச்சுட்டாங்கன்னு சொன்னேன்ல... தொலைக்கல. வடாம் பிழிய மெல்லிசா துணி வேணும்னு அதத்தான் விரிச்சேன். ரெண்டாம் நாள் உரிச்சுக்கிட்டே இருக்கேன், சடசடன்னு மழை. வடாம மட்டும் அள்ளிக்கிட்டு ஓடி வந்துட்டேன். திரும்பப் போனா துணியக் காணோம். காத்துல பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கும்னு நினைச்சேன்.

— போகல.

— போகல. மார்த்தா கிளம்பினதும் மனசு கேக்காம மேல ஏறிப் பாத்தேன். குழாய் வாயில சரிகைக் கரை எட்டிப் பாக்குது. இழுத்தேன், வரல. அந்த மழைலேர்ந்து தண்ணி போக வழியில்லாம தேங்கித்தான் உள்ள இறங்கியிருக்கு.

— ஏன் சொல்லல?

— எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு? சிவில் படிச்சவர் நீங்களே குழாயப் பாக்காம அந்த மனுஷனத் திட்டிட்டிருந்தீங்க...

— இப்ப என்னத் திட்றியா?

— கெஞ்சுறேன். கூரைய மூட வேணாங்க. அவர் சரியாத்தான் கட்டியிருக்கார். அடைச்சது நாமதான். மார்த்தாகிட்ட நானே போயி சொல்லிடறேன்.

— வடாம் மாவு இன்னும் ஒட்டிக்கிட்டுதான் இருக்கு, சரிகைல.

— எட்டிப் பாத்துட்டீங்களா?

— வியாழக்கிழமையே பாத்துட்டேன்.

— அடப்பாவி மனுஷா. ஒரு வார்த்த சொல்லல?

— நீயா சொல்றியான்னு பாத்தேன். வலது மூலைல பாசியாம்...

— சிரிக்காதீங்க, ஏணிய ஆட்டிவிட்டுடுவேன். அப்ப கூரைக்காரர்?

— அன்னிக்கே வர வேணாம்னு சொல்லிட்டேன்.

— இருங்க, வாசல்ல கார் நிக்குது. அப்ப இது யாரு... மார்த்தாங்க. மலையேறுற பூட்ஸ், கையுறையெல்லாம் போட்டுக்கிட்டு வர்றாங்க. அவங்ககிட்டயும் சொல்லிட்டீங்களா?

— சொல்லிட்டேன். ஃபோன்ல கொஞ்ச நேரம் அழுதாங்க. அப்புறம் வடாம்னா என்னன்னு கேட்டாங்க.

— எல்லாம் தெரிஞ்சும் அந்த வேட்டிய ஏன் இன்னும் பிடுங்காம வச்சிருக்கீங்க?

— "அப்பாவுக்காக மன்னிப்புக் கேட்டது நான். அந்தத் துணிய நான்தான் எடுப்பேன், யாரும் தொடக்கூடாது"ன்னாங்க. படியில ரப்பர் ஒட்டினது எனக்கில்ல, ஸ்வர்ணா... ஏணியக் கெட்டியாப் பிடிச்சுக்க, அவங்க ஏறட்டும்.