இரண்டாவது பிரேக்

கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் முதல் நாள் நான் சொல்வது, செருப்பைக் கழற்றிப் பின்னால் வையுங்கள் என்பதுதான். வெறுங்காலால் பெடலைத் தொட்டால்தான் காலுக்கும் வண்டிக்கும் பேச்சுவார்த்தை நடக்கும். ஓட்டுவது கையில் இல்லை மேடம், காலில் இருக்கிறது. தலை யோசித்து முடிப்பதற்குள் கால் மிதித்திருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தை உண்டாக்குவதற்குத்தான் எனக்குக் கூலி.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எனக்கும் அதுதான் வசதி. முன்பின் மாற்றிப் பேசுவது எனக்குப் பிடிக்காது.

எங்கள் பயிற்சிக் காரில் பிரேக் இரண்டு. ஒன்று ஓட்டுகிறவர் காலடியில், இன்னொன்று பக்கத்து இருக்கையில் என் காலடியில். இரண்டையும் ஒரு கம்பி இணைக்கிறது. நான் என்னுடையதை மிதித்தால் அவர் பக்கத்துப் பெடலும் தானாகக் கீழே இறங்கும். ஆபத்துக்கு மட்டும் தொட வேண்டியது அது. தொட்டால் உடனே சொல்லிவிட வேண்டும். நான் சொல்வது இப்படி: "இப்ப மிதிச்சது நான். நீங்க மிதிக்கல. நான் இல்லன்னா அந்த ஆள் போயிருப்பார்." கேட்கக் கடுமையாகத்தான் இருக்கும். சிலர் வண்டியை ஓரங்கட்டி அழுவார்கள். ஆனால் அதன் பிறகு அந்தக் கால் தூங்காது.

என்னிடம் கற்ற எல்லாரும் இதை என் வாயால் கேட்டிருக்கிறார்கள், ஒருவரைத் தவிர. அவர் என் தங்கையின் கணவர்.

மாப்பிள்ளைக்கு ஒரு விற்பனை நிறுவனத்தில் ஊழியர்களுக்கு ஊக்கம் கொடுக்கிற வேலை. காலையில் எல்லாரையும் வட்டமாக நிற்க வைத்துக் கைதட்டச் சொல்வார். "சோம்பல் ஒரு வாடகைக்காரன், முகம் குடுக்காம இருந்தா தானா காலி பண்ணிருவான்" என்பார். வீட்டிலும் அதே பேச்சுதான். சமையலறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருந்தார். அவருக்கு ஒரு வரிசை, என் தங்கைக்கு ஒரு வரிசை. விடியுமுன் எழுந்ததற்கு, நடந்ததற்கு, சர்க்கரை தொடாததற்கு, குரலை உயர்த்தாததற்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக். அவருடைய வரிசைக்கு அவரே டிக் போட்டுக்கொள்வார். அவளுடைய வரிசைக்கும் அவர்தான்.

ஒரு மதியம் நான் போயிருந்தபோது பாப்பா ஃபிரிஜ்ஜை ஒட்டி நின்று, சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாற்பதைத் தாண்டிவிட்டாள், ஆனாலும் எங்களுக்கு அவள் பாப்பாதான். முந்தின நாள் ஒரு டிக் விட்டுப்போயிற்றாம்.

"என்ன பாப்பா, நாற்காலியெல்லாம் வித்துட்டீங்களா?" என்றேன்.

அவள் சிரித்தாள். மாப்பிள்ளைதான் பதில் சொன்னார். "தண்டனைன்னு நெனச்சுக்காதீங்க மச்சான். டிரெயினிங். நின்னு சாப்பிட்டா நாளைக்கு மறக்காது. நீங்களும் ஊர்ல இருக்கறவங்க காலுக்கெல்லாம் டிரெயினிங்தானே குடுக்கறீங்க?"

"நான் உக்கார வச்சுக் குடுக்கறேன் மாப்ள."

அதற்கு அவரும் சிரித்தார். எல்லாரும் சிரிக்கிற வீடு அது.

இதற்காக நான் எதையும் செய்யவில்லை. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் மூக்கை நுழைக்கிறவன் இல்லை நான்.

நான் சொல்ல வந்தது அம்மா மருத்துவமனையில் கிடந்த காலையை. விடிந்ததிலிருந்து பாப்பா எங்கே, பாப்பா எங்கே என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. போன் செய்தேன். மாப்பிள்ளை எடுத்தார்.

"வாக்கிங்ல இருக்கா மச்சான். முடிச்சதும் கூட்டிட்டு வரேன்."

"உடனே வரணும் மாப்ள. டாக்டர் கைவிரிச்சுட்டார்."

"புரியுது. ஆனா பாதியில நிறுத்தினா பழக்கம் அறுந்துரும். அத்தை கெட்டி உடம்பு, தாங்குவாங்க. நீங்க பாசிட்டிவா இருங்க."

அம்மா தாங்கவில்லை. வேர்த்து விறுவிறுத்து, நடைக்குப் போட்ட காலணியோடு பாப்பா வந்து நின்றபோது, நர்ஸ் போர்வையை முகம்வரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை என் தோளில் கைவைத்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "இந்த நிலைமையிலயும் அவ இன்னிக்கு வாக்கிங்க விட்டுடல மச்சான். அத்தை அதை நெனச்சு சந்தோஷப்பட்டிருப்பாங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. முன்கோபக்காரன் பக்கத்து இருக்கையில் உட்கார லாயக்கில்லை. நான் அவருடைய காலைத்தான் பார்த்தேன். பளபளப்பான ஷூ. ஒரு முறை குனிந்து, அவிழ்ந்திருந்த கயிற்றைச் சரியாகக் கட்டிக்கொண்டார்.

கொஞ்ச காலம் கழித்து அவரே கேட்டார், கார் கற்றுக்கொடுங்கள் என்று. ஊருக்கெல்லாம் ஊக்கம் கொடுக்கிற மனிதருக்கு ஸ்டீயரிங்கைப் பிடித்தால் கை உதறும். வேறு பயிற்சிப் பள்ளிகளில் சேர்ந்து பாதியில் விட்டிருக்கிறார். அது வெளியே தெரியாது, பாப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டவள், "அண்ணா, எனக்குக் கத்துக்குடேன்" என்றாள். "வண்டி ஓட்டத் தெரிஞ்சா எங்கேயாவது வேலைக்காவது போவேன். கையில எனக்குன்னு ஒண்ணு வேணும்."

"முதல்ல மாப்ள முடிக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றேன். அதற்குள் நான் முடிவு செய்துவிட்டிருந்தேன்.

முறையைச் சொல்கிறேன். சிக்னலில் நிறுத்துவது, திருப்பத்தில் வேகம் குறைப்பது, இதெல்லாம் தெரிந்தே செய்கிற பிரேக். அதை அவருக்கு ஒழுங்காகவே கற்றுக்கொடுத்தேன், சொல்லப்போனால் மற்றவர்களைவிட நன்றாக. நான் எடுத்துக்கொண்டது இன்னொரு வகையை. நாய் குறுக்கே பாய்கிறது, சைக்கிள்காரர் திடீரென்று ஹேண்டிலை ஒடிக்கிறார், நின்ற வேனுக்குப் பின்னாலிருந்து ஒரு ஆள் முளைக்கிறார். அப்போது முதலில் மிதித்தது எப்போதும் என் கால்தான். மெதுவாக, சத்தமில்லாமல். அவர் கால் வந்து சேரும்போது பெடல் ஏற்கெனவே கீழே போயிருக்கும். தானே மிதித்ததாகக் காலுக்குத் தோன்றும்.

முதல் தடவை அவருக்கே சந்தேகம். "மச்சான், நானா மிதிச்சேன்?"

"பின்ன நானா?"

"எனக்கே தெரியல பாருங்க."

"அப்படித்தான் மாப்ள இருக்கணும். தெரிஞ்சு மிதிக்கறவன் கத்துக்குட்டி. உங்க கால் கத்தி மாதிரி இருக்கு."

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடித்தான் கறக்க வேண்டும். புகழ்ச்சியைக் கையை நீட்டி வாங்குகிற மனிதர் அவர், நான் அளந்து கொடுத்தேன். பலகையில் கார் பயிற்சிக்கென்று புதிதாக ஒரு கட்டம் வந்தது. அவர் அலுத்துக்கொண்ட காலைகளில் நான் கீழே நின்று ஹாரன் அடித்தேன். மழை என்று அவர் சொன்னால், மழையில் ஓட்டக் கற்றவன்தான் ஓட்டுநர் என்றேன். "மச்சான் மாதிரி ஒரு ஆள் தள்ளிவிட இருந்தா எவனும் முன்னுக்கு வந்துருவான்" என்று அவர் உறவுக்காரர்களிடமெல்லாம் சொன்னார்.

கால் நேர்மையான உறுப்பு. கேட்காத வேலையை அது செய்யாது. போகப்போக அவருடைய கால், திடீர் நேரங்களில் பெடலுக்குப் போவதையே விட்டுவிட்டது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து தூக்கிக்கொண்டு அந்தரத்தில் நிற்கும், வேலைக்காரன் வந்து கதவைத் திறப்பான் என்று காத்திருக்கிற முதலாளி மாதிரி. வண்டி நிற்கும். அவர் என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் தலையாட்டுவேன்.

உரிமத் தேர்விலும் என் கார்தான். பக்கத்தில் நான், பின்னால் அதிகாரி. ஒரு ஸ்கூட்டர் குறுக்கே வந்தது, என் கால் மிதித்தது. அதிகாரி அவரைப் பாராட்டியே எழுதினார்.

அவரைக் கொல்ல நினைத்தாயா என்று கேட்டீர்கள். இல்லை. அவர் வாங்கிய புது வண்டியில் காற்றுப்பை இருக்கிறது. பெல்ட்டும் போட்டுக்கொள்வார், பழக்கவழக்கம் உள்ளவர். அவர் சாவதில் எனக்கு என்ன லாபம்? செத்தவனுக்கு ஏது அவமானம்? போர்வை போர்த்திய ஓர் உடம்பின் முன்னால் அவர் நிற்க வேண்டும், தன்னால்தான் என்று தெரிந்து நிற்க வேண்டும். எந்த டிக்காலும் சரிசெய்ய முடியாத ஒன்று அவர் கணக்கில் ஏற வேண்டும். அவ்வளவுதான் நான் விரும்பியது. அதற்கு யாராவது சாலையைக் கடக்க வேண்டும். அதற்கு நான் ஏற்பாடு எதுவும் செய்யத் தேவையில்லை. சாலை என்றால் யாராவது கடப்பார்கள்.

பாப்பாவை மட்டும் எச்சரித்தேன். "அந்த வண்டியில ஏறாத. தலை சுத்துதுன்னு சொல்லிடு." ஏன் என்று அவள் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். ஜன்னல் திரை தைக்கிற பெண், யாரோ வீட்டில் மாட்டிக்கொடுப்பதற்காகக் கம்பிகளைத் தோளில் வைத்துக்கொண்டு, நிறுத்தியிருந்த வேனைத் தாண்டி வந்திருக்கிறார். பட்டப்பகல், நல்ல வெளிச்சம். மாப்பிள்ளை ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்திருக்கிறார். பிறகு காத்திருந்திருக்கிறார். வண்டி நிற்கும் என்று.

"மிதிச்சேன், சத்தியமா மிதிச்சேன்" என்று உங்கள் முன்னால் அவர் அழுததாகக் கேள்விப்பட்டேன். சாலையில் டயர் தேய்ந்த தடம் இல்லை. பிரேக் புதுக்கருக்கு மாறாமல் இருக்கிறது என்று மெக்கானிக் எழுதிக்கொடுத்தார். எல்லாரும் அவர் பொய் சொல்கிறார் என்று நினைத்தீர்கள். அவர் பொய் சொல்லவில்லை மேடம். அவர் கால் அவரிடம் அப்படித்தான் சொல்லியிருக்கும்.

ஜாமீனில் வந்தவர் அறையை விட்டு வெளியே வரவில்லை. பலகையைத் துடைத்துவிட்டார். அந்த நாட்களில் நான் நன்றாகத் தூங்கினேன். பாப்பா ஒரு பையோடு கிளம்பி, வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதியில் சேர்ந்துகொண்டாள். என் வீட்டில் அவளுக்கென்று அறை இருக்கிறது, அங்கே அவள் வரவில்லை. வேறு ஒரு பள்ளியில் கார் கற்கிறாளாம். என் போனை எடுப்பதில்லை. துக்கம், ஆறட்டும் என்று விட்டிருக்கிறேன்.

பிறகு ஏன் தானாக வந்தாய் என்கிறீர்கள். போன வாரம் மாப்பிள்ளை மறுபடி மேடை ஏறினார். பெரிய அரங்கு. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன்.

"என் வாழ்க்கையில ஒரு பெரிய அடி" என்றார். "ஒரு விபத்து. ஒரு பெண்மணி. நான் அன்னைக்கு உடைஞ்சிருக்கலாம். என்ன செஞ்சேன் தெரியுமா? ஒரு நாள் காலைல எந்திரிச்சு, ஷூவை மாட்டிக்கிட்டு, நடக்கப் போயிட்டேன்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. என் பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் இத்தனை பாடுபட்டு அவர் தலையில் இறக்கிய கல்லை, அவர் படிக்கட்டாக்கி ஏறி நின்றுகொண்டிருந்தார். ஒரு பெண்மணி என்றார், கேட்டீர்களா? ஓர் உயிரை எடுத்தவருக்கு அந்தப் பெண்ணின் பெயர்கூட வாயில் வரவில்லை. மனிதனா அவர்?

அதனால்தான் வந்தேன். அந்த அடி அவருடையது அல்ல, நான் போட்டது. அதை அவர் தன் சாதனைக் கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது. இந்த வாக்குமூலத்தால் அவருடைய வழக்கு இளகிவிடும் என்கிறீர்கள். இளகட்டும். இனி எந்த மேடையில் ஏறினாலும், அவர் முதலில் தன் காலைக் குனிந்து பார்ப்பார். எனக்கு அது போதும்.

அந்தப் பெண்ணை ஒரு கணமாவது நினைத்தாயா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். எனக்கும் அவருக்கும் எந்தப் பகையும் இல்லை மேடம். இது எனக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் உள்ள குடும்ப விவகாரம், அவர் இதில் வரவே இல்லை. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. நான் வருத்தம் தெரிவிப்பதாக ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். பெயரோடு எழுத வேண்டும் என்றால், அதை நீங்களே போட்டுவிடுங்கள். நான் வந்ததும் அந்தப் பெயரை ஒரு தடவை சொன்னீர்கள். அப்போது நான் எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.