ஜெம்புரூக் காற்றாடியில் விளக்கு

— கீழ நிண்டு கத்தாதீங்கோ, அண்ணை. வேலிக்கு அங்கால குதிரையள் நிக்குது, வெருளும்.

— சாரி சிஸ்டர், சாரி. அவ்ளோ ஒசரத்துல இருக்கீங்களே, காதுல விழாதுன்னு நெனைச்சேன். நான் பிரேம்நாத். மெல்பர்ன்ல, ரோவில்ங்கற எடத்துல லைட் கம்பெனி வச்சிருக்கேன்.

— தெரியும். ரோட்டில கண்டிருக்கிறன், உங்கட வான் வண்டியில பேர் பெருசாக் கிடக்கே. போன வருஷமும் அதுக்கு முதல் வருஷமும் இந்தக் காணிக்குக் கிறிஸ்மஸ் லைட் போட்டது நீங்கள்தானே?

— ஆமா. ரெண்டு வருஷமும் நாலாவது நாளே அணைஞ்சி போச்சி. நீங்கதானே சிவகௌரி?

— ஓம். மிஸஸ் ஹார்ட்லியைப் பாக்க வந்தனீங்களோ? அவா கடைக்குப் போட்டா. இண்டைக்குப் பொழுதுபட கேற் திறக்கிறதெல்லோ? சுத்துவட்டாரப் பிள்ளையள் எல்லாம் காரில வந்து லைட் பாப்பினம். அதுகளுக்கு பிஸ்கட் வாங்கப் போனவா.

— அவங்கள இல்ல, உங்க வேலையத்தான் பாக்க வந்தேன். மாட்டி பத்து நாளாச்சாமே. ஒரு பல்பு கூட போகலையாமே?

— ஆர் சொன்னது?

— அவங்களேதான் போன் அடிச்சி சொன்னாங்க. சந்தோஷத்துல சொன்னாங்களா, என்னைக் குத்திக் காட்டச் சொன்னாங்களான்னு தெரியல. ராத்திரி தூக்கமே வரல, சிஸ்டர். காலையில வண்டிய எடுத்துட்டேன்.

— அப்ப நல்லாப் பாருங்கோ. ஒளிக்கிறதுக்கு ஒண்டும் இல்ல. இந்தத் தண்ணி இறைக்கிற காத்தாடியில கடைசி லைட் வரி மட்டும்தான் மிச்சம், பூட்டிப்போட்டு வாறன். ஆனா என்னைத் தூக்கி வச்சிருக்கிற இந்தச் செரிபிக்கர் மெசின்ர கூடைக்கு நேர கீழ மட்டும் நிக்காதீங்கோ.

— கேட்டுல இருந்து நடந்தே வந்தேன். முதல்ல அதைச் சொல்லுங்க. எழுநூறு மீட்டர் பாதை. நான் வீட்டுல இருந்து ஒரே வயரா இழுத்தேன். வீட்டுகிட்ட பளீர்னு எரிஞ்சது, கேட்டுகிட்ட போறப்போ மெழுகுவத்தி மாதிரி ஆயிடுச்சி.

— தூரம் போகப் போகக் கரண்ட் களைச்சுப் போகுமெல்லோ? நான் மூண்டு இடத்தில இருந்து குடுத்தனான். வீட்டில ஒண்டு, வைக்கல் கொட்டிலில ஒண்டு, கேற்றடியில வெய்யிலில சார்ஜ் ஆகிற பெரிய பற்றரி ஒண்டு. மூண்டும் ஆளுக்குக் கொஞ்சத் தூரம்தான் சுமக்குது.

— சரி. காக்கட்டூ கிளிங்களுக்கு என்ன பண்ணுனீங்க? எனக்கு அதுங்கதான் எமன். நூறு, எரநூறுன்னு வெள்ளை வெளேர்னு வந்து எறங்குச்சிங்க. ஒவ்வொரு பல்பா கடிச்சித் துப்புச்சிங்க. நான் கீழ நின்னு கை தட்டுறேன், அதுங்க என்னைப் பாத்துத் தலையாட்டுது!

— சிரிக்க வையாதீங்கோ, மேல நிக்கிறன். நான் நவம்பரில மூண்டு நாள் அந்தக் கொட்டில் வாசலில கதிரை போட்டு இருந்தனான். வேலை ஒண்டும் செய்யேல்ல. அந்தக் கொக்கற்றூக் கிளியள் எங்க இருக்குது, எப்ப வருது, என்னத்தைக் கடிக்குது எண்டு பாத்தன். மிஸஸ் ஹார்ட்லி எனக்கு விசர் எண்டே நினைச்சிருப்பா.

— மூணு நாளா? சும்மா உக்காந்தா?

— ஓம். பைன் மரங்கள்தான் அதுகளின்ர வீடு. அதில நாங்கள் வயர் கட்டினால், அது அதுகளின்ர வீட்டுக்குள்ள எங்கட பொருளை வைக்கிற மாதிரி. கடிக்கும்தானே? அதால மரத்தில ஒரு கயிறும் கட்டேல்ல. நிலத்தில லைட்டைப் பதிச்சு மேல அடிக்க விட்டன். மரம் முழுக்க வெளிச்சம், மரத்தில ஒண்டும் இல்ல.

— ஐயோ... கண்ணு முன்னால இருந்திருக்கு. இது எனக்கு ஏன் தோணல?

— வேலியில போறதெல்லாம் தடிச்ச குழாய்க்குள்ள. இந்தக் காத்தாடியிலயும் அப்பிடித்தான். கடிச்சுப் பாத்துதுகள், பல்லுக் கூசியிருக்கும், விட்டிட்டுப் போட்டுதுகள்.

— பறவைக்கு ஏது பல்லு, சிஸ்டர்!

— சொண்டு கூசியிருக்கும். விடுங்கோவன்.

— அப்புறம் பக்கத்து நிலத்துக் குதிரைங்க? எங்க லைட்டு மினுக்கு மினுக்குன்னு அடிச்சதுல ஒரு குதிரை வேலியில மோதிடுச்சி. அந்த ஆளு என்னைத் திட்டுனது இன்னும் காதுல இருக்கு.

— என்னையும் ஏசத்தான் வந்தவர். நான் அவரையே கூட்டிக்கொண்டு போய் அதுகளுக்குப் பக்கத்தில நிப்பாட்டினனான். முதல் நாள் கேற் லைட் மட்டும். அடுத்த நாள் பாதி வேலி. ஒரு கிழமை, கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டினது. மினுக்கிறது ஒண்டும் இல்ல. இப்ப லைட் போட்டாலும் அதுகள் தலையை நிமித்தாமல் புல்லுத் தின்னுதுகள்.

— குதிரைக்கு லைட் பழக்கியிருக்கீங்க! இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன் சிஸ்டர், மலேசியாவுல, கிள்ளான்ல தீபாவளிக்கு லைட் கட்டுன காலத்துல இருந்து. வீட்டை அளந்திருக்கேன், கூரைய அளந்திருக்கேன். அங்க இருக்கற உசுருங்கள அளந்ததே இல்ல.

— சரி, கடைசிக் கிளிப்பும் பூட்டியாச்சு. வாறன், தேத்தண்ணி குடிப்பம்... அண்ணை.

— சொல்லுங்க.

— இது இறங்குதில்ல.

— என்னா?

— செரிபிக்கர் இறங்குதில்ல. பட்டனை அமத்திறன், ஒரு சத்தமும் இல்ல. மற்ற பட்டனையும் பாத்திட்டன்.

— உங்க ஆளு யாரும் இல்லையா?

— யோகா அக்கா கேற்றடியில பற்றரி பாக்கப் போனவா. அவா வருமட்டும் நான் ஏறியிருக்கக் கூடாது. நாலு கிளிப்தானே எண்டு ஏறிட்டன். என்ர பிழை.

— போன் அடிக்கிறேன், நம்பர் சொல்லுங்க... ச்சே, இங்க சிக்னலே இல்ல!

— இந்தப் பள்ளத்தில வராது. அண்ணை, வடக்குக் காத்து எழும்புது. கூடை ஆடத் தொடங்கிட்டுது. கீழயும் ஒரு பிடி இருக்கு, நீங்கள்தான் இறக்கவேணும்... எங்க போறீங்கள்?

— ஓடிப்போய் அவங்கள கூட்டிட்டு வந்துர்றேன்.

— அவ்வளவு தூரம் போய் வாறதுக்கிடையில இது காத்தாடி இரும்பில அடிபடும். என்னைப் பாருங்கோ. ஏன் பின்னுக்குப் போறீங்கள்?

— என்னால முடியாது, சிஸ்டர். போன மார்ச்சுல என்கிட்ட வேலை பாக்கற பையன் ஒருத்தன் ஏணியில இருந்து விழுந்தான். அனோஜன். ஏணியப் பிடிச்சிட்டு நின்னது நான். காத்து அடிச்சது, கை வழுக்கிடுச்சி. அன்னையில இருந்து ஏணியத் தொட்டாலே கை என் பேச்சக் கேக்க மாட்டேங்குது.

— அனோஜன் இருக்கிறாரோ?

— இருக்கான். நடக்கறான். கால்ல கம்பி வச்சிருக்கு.

— அப்ப கேளுங்கோ. இது ஏணி இல்ல. நீங்கள் என்னைத் தாங்கத் தேவையில்ல, என்ர பாதுகாப்புப் பட்டி கூடையில கொழுவியிருக்கு. மெசின்ர ரயர்ச் சில்லுக்கு மேல மஞ்சள் மூடி ஒண்டு இருக்கு. கண்டீங்களோ?

— கண்டேன். பாத்துட்டேன்.

— திறவுங்கோ. உள்ளுக்குச் சிவப்புப் பிடி.

— பிடிச்சிட்டேன். மறுபடி வழுக்கிடும்னு பயமா இருக்கு, சிஸ்டர்.

— பயம் இருக்கட்டும். பயந்த கையாலயும் அமத்தலாம். மெல்ல, கீழ்ப்பக்கமா.

— இப்படியா? எறங்குது... எறங்குது சிஸ்டர்!

— நிப்பாட்டுங்கோ! இரும்பில தட்டுது. பொறுங்கோ, காலால தள்ளிவிடுறன்... ம்ம். இப்ப விடுங்கோ.

— விடுறேன். பேசிட்டே இருங்க. நிறுத்தாதீங்க.

— என்னத்தைக் கதைக்க? நல்லாச் செய்யிறீங்கள். இன்னும் ரெண்டு ஆள் உயரம்தான். இன்னும் கொஞ்சம்... காணும். வந்திட்டன், அண்ணை. கையை எடுங்கோ. பிடியை விடுங்கோ, நான் நிலத்தில நிக்கிறன்.

— நிஜமாவா?

— இஞ்ச பாருங்கோ, என்ர சப்பாத்து. புல்லு. இந்தாங்கோ, தண்ணி குடியுங்கோ.

— மேல தொங்குனது நீங்க, தண்ணி எனக்கா!

— எனக்கும் மிச்சம் வையுங்கோ. நான் இருந்து குடிக்கிறன், நீங்கள் நிண்டு குடியுங்கோ. அண்ணை, இனி இந்த மெசின் மெக்கானிக் பாக்குமட்டும் ஒருத்தரும் ஏறுறதில்ல. நான் தனிய ஒருக்காலும் ஏறுறதில்ல. நீங்கள் வராட்டில் என்ன நடந்திருக்கும்?

— அப்படிச் சொல்லாதீங்க. நான் நல்ல மனசோட வரல, சிஸ்டர்.

— ஏன் அப்பிடிச் சொல்லுறீங்கள்?

— ஒண்ணு சொல்லணும். சொல்லாம வண்டி எடுத்தா வீடு போய்ச் சேர மாட்டேன். மிஸஸ் ஹார்ட்லிக்கு உங்க நம்பரைக் குடுத்தது நான்தான்.

— நீங்களோ?

— ஆகஸ்ட்ல போன் அடிச்சாங்க. ‘இந்த வருஷம் நீ வேணாம், வேற யாராவது தெரியுமா’ன்னு கேட்டாங்க. எனக்கு அசிங்கமாப் போச்சி. ஸ்பிரிங்வேல்ல ஒரு கடையில உங்க கார்டப் பாத்திருந்தேன். ஒரு பொம்பளை, ஒரு வேன், சின்னக் கம்பெனி. நானே தோத்த எடத்துல இவங்களும் வந்து தோக்கட்டும், அப்பத்தான் தப்பு என் மேல இல்ல, அந்த நிலத்து மேலன்னு தெரியும்... அப்படி நெனைச்சித்தான் குடுத்தேன்.

— மிஸஸ் ஹார்ட்லி என்னட்டச் சொன்னது அப்பிடி இல்லையே.

— என்ன சொன்னாங்க?

— ‘ரோவில் பிரேம்நாத்தைக் கேட்டனான். இந்தக் காணிக்கு லைட் போடக்கூடிய ஆள் மெல்பேர்ண்லயே ஒருத்தர்தான், அது சிவகௌரி எண்டு சொன்னவர்’ எண்டு சொன்னவா. அப்பிடிச் சொன்னனீங்களோ, இல்லையோ?

— சொன்னேன். அவங்க நம்பணுமேன்னு சும்மா வாயில வந்தது. என்னை மன்னிச்சிருங்க.

— உங்களுக்கு அது சும்மா. நான் நாலு வருஷம் இந்த வேலை செய்து, நல்லாச் செய்யிறாய் எண்டு ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொன்னதில்ல. பொம்பிளை எண்டதும் போனை வச்சவைதான் அதிகம். அந்தக் கிழமை என்ர வான் வண்டியை விக்கிறதுக்குப் படம் எடுத்து இன்டர்நெட்டில போட்டிருந்தன். வெரிபீயில சாமான் அடுக்கிற ஒரு வெயாஹவுஸில வேலைக்குக் கடுதாசியும் வந்திட்டுது, திங்கக்கிழமை கையெழுத்து.

— அப்புறம்?

— வெள்ளிக்கிழமை மிஸஸ் ஹார்ட்லியின்ர போன் வந்தது. இருபது வருஷம் லைட் போட்ட மனிசன் ஒருத்தர் என்னைப் பற்றி அப்பிடிச் சொன்னவர் எண்டு கேட்டு, குசினியில தனிய நிண்டு அழுதுபோட்டு, அந்தக் கடுதாசியைக் கிழிச்சனான், அண்ணை.