மூன்று நாள் தண்ணீர்

— கையை நீட்டுங்கோ, மாக்கிரட் அக்கா. தண்ணி ஆறப்போகுது.

— மல்லிகைப்பூ மிதக்குது. ஆர் தந்தது, ஜொய்சி?

— எங்கடை பக்கத்து வீட்டுத் தாய்லாந்து மனிசி. இண்டைக்கு அவையின்ரை புதுவருசம், சொங்க்ரான். மூத்த ஆக்களின்ரை கையிலை தண்ணி ஊத்தி மன்னிப்புக் கேக்கிறதாம்.

— பாங்கொக்கிலை விசா இல்லாமல் உன்னோடை ஒரே அறையிலை மூண்டு வருசம் ஒளிச்சிருந்தவளுக்கு நீ சொங்க்ரான் சொல்லித் தாறியோ? தெருவிலை பீப்பா பீப்பாவா ஊத்தி விளையாடுவினம். எங்கடை அறைப் பைப்பிலை மூண்டு நாளைக்கு ஒரு சொட்டு வராது.

— அதைத்தான் கதைக்க வந்தனான்.

— விசர்க்கதை வேண்டாம். சித்திரையிலும் பனி கொட்டுது. கோப்பியைக் குடிச்சிட்டு நேரத்தோடை பஸ்ஸைப் பிடிச்சு லாசாலிலை உன்ரை வீட்டுக்குப் போய்ச் சேர்.

— றொக்சன் அண்ணை தண்ணி விளையாடப் போய்த்தான் பொலிசிட்டைப் பிடிபட்டவர் எண்டு உங்கடை பிள்ளைக்குச் சொல்லி வைச்சிருக்கிறியள். அவள் தகப்பன்ரை படத்தையே கழட்டிப்போட்டாள்.

— நனைஞ்ச சட்டையோடைதானே பிடிபட்டவர்? வேறை என்னத்தைச் சொல்ல?

— கையிலை வெறும் வாளி இருந்தது, அக்கா. அதை ஏன் சொல்லேல்லை?

— உனக்கு ஆர் சொன்னது?

— வாளியைக் குடுத்தது நான். அண்டைக்குப் பெரிய வியாழன், ஆண்டவர் சீடரின்ரை காலைக் கழுவின நாள். கோயிலுக்குப் போக ஏலாது, அறைக்குள்ளையாவது காலைக் கழுவிச் செபிப்பம் எண்டு, சேத்து வைச்ச தண்ணியெல்லாத்தையும் ஊத்திப்போட்டன். பின்னேரம் குடிக்க ஒரு மிடறு இல்லை. அண்ணையிட்டைச் சொன்னன். நீங்கள் பிள்ளையோடை நித்திரை.

— சொல்லு.

— சந்திக் குழாய் மட்டும்தான் போனவர். அதோடை பிடிச்சு மறியலிலை அடைச்சுப்போட்டினம். பேந்து வந்தது செத்த செய்திதான். எட்டு வருசமா இதை உங்களிட்டை மறைச்சுப்போட்டன். ஏசுங்கோ, அடியுங்கோ. கையை மட்டும் நீட்டுங்கோ.

— கிண்ணத்தைக் கீழை வை, ஜொய்சி.

— மன்னிக்கமாட்டியளோ?

— நான் நித்திரை இல்லை. என்ரை கட்டிலுக்குக் கீழை ஒரு வாளி நிறையத் தண்ணி இருந்தது. பிள்ளைக்கெண்டு உங்கள் ரெண்டு பேருக்கும் ஒளிச்சு வைச்சனான். அவர் படியிறங்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, கண்ணை மூடிப் படுத்திருந்தனான்.