மூன்று கம்பிகளைத் தளர்த்தினால்

கிட்டாரில் மூன்று கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தினால் வாழ்க்கை எவ்வளவு சுலபமாகிவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. உங்களுக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை, ஐயா. நான் நின்றுகொண்டே சொல்லலாமா? நாற்காலியில் குறை ஒன்றுமில்லை. எனக்குத்தான் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. சின்ன வயதில் சாப்பாட்டுத் தட்டோடு வீடு முழுக்க நடப்பேன் என்று அம்மா திட்டிக்கொண்டே இருப்பார்.

என் தொழில் ஷட்டர் பழுது பார்ப்பது. கடைகளுக்கு இருக்குமே, மேலே சுருண்டு போகும் தகரக் கதவு, அதுதான். மேலே உருளைக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கும். அதன் முறுக்கு சரியாக இருந்தால் குழந்தைகூட ஒரு கையால் தூக்கிவிடும். முறுக்குக் குறைந்தால் கதவின் கனம் முழுவதும் தூக்குகிறவர் கையில் இறங்கும். என் பட்டறையின் பின்னறையில்தான் அண்ணன் கிட்டார் பழகுவான். ஒரு ஹோட்டலில் மாலை வேளைகளில் வாசிக்கிறவன். அவன் வாசித்தால் ஜனங்கள் கையில் எடுத்த கரண்டியை அப்படியே வைத்துக்கொண்டு கேட்பார்கள். பொறாமையில் சொல்வதாக எழுதிக்கொள்ளாதீர்கள். எனக்கு அதில் பெருமைதான்.

எனக்கும் சொல்லிக்கொடுத்தான். ஆனால் வழக்கமான ட்யூனிங்கில், அதாவது கம்பிகளுக்கு வழக்கமாக வைக்கும் சுருதியில், பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் ஒரு கார்ட் பிடிக்க மூன்று நான்கு விரல்களை வெவ்வேறு இடத்தில் அழுத்த வேண்டும். என் விரல்களைப் பாருங்கள். ஸ்பானர் பிடித்துப் பிடித்துத் தடித்துப் போனவை. ஒரு கம்பியை அழுத்தினால் பக்கத்துக் கம்பியும் சேர்ந்து ஊமையாகிவிடும்.

"உன் விரலுக்கு கிட்டார் பத்தாதுடா. ஒரு ஏணி வாங்கித் தரேன், அதுல கம்பி கட்டி வாசி," என்றான் அண்ணன்.

அண்ணிகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகு ஒரு வீடியோவில் அந்த விஷயம் கண்ணில் பட்டது. மூன்று கம்பிகளைச் சற்றே இறக்கிவிட்டால், எதையும் அழுத்தாமல் வெறுமனே மீட்டினாலே முழு கார்ட் ஒலிக்கும். ஒரே ஒரு விரலைக் குறுக்கே படுக்கவைத்து மேலும் கீழும் நகர்த்தினால் மற்ற கார்ட்களும் வரும். ஓபன் ட்யூனிங் என்பார்கள். முதல் தடவை மீட்டியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதன் பிறகு ஒரே ட்யூனிங்கில் நிற்கவும் முடியவில்லை. காலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு வேறொன்று. ஏதோ ஒரு கடை வாசலில் ஏணிமேல் நின்றுகொண்டு, அடுத்து எந்தக் கம்பியை இறக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். கடைக்காரர் கத்துவது காதில் விழாது.

கிட்டார் அண்ணனுடையது. நான் கம்பிகளை இறக்கி வைப்பேன். அவன் வந்ததும் பழையபடி ஏற்றிவிடுவான். மேசைமேல் சிந்திய தண்ணீரைத் துடைப்பதுபோல் அதைச் செய்வான். அதுதான் எனக்கு உறுத்தியது. ஒருநாள் அவனைக் கட்டாயப்படுத்தி உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். பொறுமையாகவே கேட்டான்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது விரல் இல்லாதவன் வாசிக்கிறதுடா. விரல் இருக்கிறவனுக்கு எதுக்கு?"

கேலியாகத்தான் கேட்டான். ஆனால் கேள்வியில் நியாயம் இருந்தது. நான் அதைப் பல நாள் யோசித்தேன். விரல் இருக்கிற வரைக்கும் அவனுக்கு இது தேவைப்படாது. தேவைப்படாத ஒன்றை மனுஷன் ஏன் மெனக்கெட்டுக் கற்றுக்கொள்ளப் போகிறான்?

பின்னறைக்கும் ஷட்டர்தான். அண்ணனுக்கு எதையும் கீழே வைக்கச் சோம்பல். வலது கையில் கிட்டார் பெட்டியைப் பிடித்துக்கொண்டு இடது கையாலேயே ஷட்டரைத் தூக்குவான், இறக்குவான். நான் உருளையில் ஸ்பிரிங்கின் முறுக்கைத் தளர்த்தினேன். விழவேண்டும் என்று நினைத்ததாகச் சொல்லமுடியாது. விழுந்தால் விழட்டும் என்று விட்டுவிட்டேன்.

விழுந்தது, அவன் இடது கைமேல். அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது நான்தான். கட்டுப் பிரித்தபோது இடது கையின் நான்கு விரல்களும் குச்சிபோல் நீட்டிக்கொண்டு நின்றன, மடங்கவில்லை. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா என்ன ஆகியிருக்கும் தம்பி," என்று அழுதார். பழைய ஸ்பிரிங், தேய்ந்துவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். நான் மறுத்துப் பேசவில்லை.

அண்ணன் சுவரைப் பார்த்தபடியே கிடந்தான். நான்தான் மூன்று கம்பிகளை இறக்கி, கிட்டாரை அவன் மடியில் வைத்து, விறைத்த விரலில் ஒரு கண்ணாடிக் குழாயை மாட்டிவிட்டேன். கம்பிகள்மேல் அதை நகர்த்தினாலே போதும். முதலில் பிடுங்கி எறிந்தான். பிறகு ஒருநாள் தானாகவே எடுத்தான்.

"இதுக்கு அடுத்து எந்தக் கம்பிய எறக்கணும்டா?" என்று என்னிடம் கேட்டான். என்னிடம், ஐயா. ஹோட்டலில் அத்தனை பேரைக் கட்டிப்போட்டவன் என்னிடம் கேட்டான். அந்த நாட்களில் நான் அவன் பக்கத்திலேயே மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தேன். கால் ஆடவில்லை. என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்தது அப்போதுதான். அவனும் சந்தோஷமாகத்தான் இருந்தான் என்று நினைக்கிறேன்.

இடையில் டாக்டர் புகுந்தார். எல்லா வேலைக்கும் இடது கையையே பயன்படுத்துங்கள், விரல்கள் தேறும் என்று சொல்லிவிட்டார். அண்ணனும் பந்தை அமுக்கினான், துணி பிழிந்தான், பொத்தான் போட்டான். விரல்கள் மெல்ல மடங்க ஆரம்பித்தன. ஒரு சாயங்காலம் தெருவில் வரும்போதே கேட்டது, பின்னறையில் பழைய ட்யூனிங். உள்ளே போனால் அண்ணன் முழு கார்ட் ஒன்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நெற்றியெல்லாம் வியர்வை.

"வந்துடுச்சுடா. பாரு, வந்துடுச்சு," என்றான். கண் கலங்கியிருந்தது.

கட்டிப்பிடித்து வாழ்த்தினேன். ஆனால் அன்றிலிருந்து மறுபடியும் என்னால் எங்கேயும் உட்கார முடியவில்லை. சோறு இறங்கவில்லை. தெருத் தெருவாக நடந்தேன். நான் மாற்றி வைத்ததையெல்லாம் அவன் திரும்பவும் துடைத்துவிட்டான் என்பதே மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் நடந்ததை அண்ணி சொல்லியிருப்பார். அவர் பொய் பேசாதவர். ஸ்பிரிங்கை மறுபடியும் தளர்த்திவிட்டு, ஷட்டரை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணனைக் கூப்பிட்டேன். கீழே தாழ்ப்பாள் இறங்கும் குழியில் கல் அடைத்திருக்கிறது, எடுத்துவிடு என்றேன். குனிந்தான். டாக்டர் சொன்னபடி இடது கையைத்தான் நீட்டினான்.

"பிடிச்சுக்கோடா."

"பிடிச்சிருக்கேண்ணா."

அண்ணி காய்கறிப் பையோடு எதிரே வந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று சொல்லமுடியவில்லை. கை நழுவியதா என்று கேட்டீர்கள். நழுவவில்லை. அவன் நான்கு விரல்களும் குழிக்குள் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கையை எடுத்தேன்.

அண்ணன் இன்னும் என்னைப் பார்க்க வரவில்லை. கோபம் இருக்கத்தான் செய்யும், ஆறட்டும். இந்தத் தடவை விரல்களை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்காக இடிந்துபோக வேண்டாம் என்று அவனிடம் சொல்லுங்கள். இன்னொரு ட்யூனிங் இருக்கிறது. ஆறு கம்பிகளையும் ஆறு சுரங்களுக்கு வைத்துக்கொண்டு வலது கையால் மீட்டினாலே ஒரு சின்னப் பாட்டு வந்துவிடும், இடது கையே வேண்டாம். அவனுக்குத் தேவைப்படும் என்றுதான், அன்றைக்கு ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னாலேயே அதைப் பழகி வைத்துவிட்டேன்.