தண்ணீர் ஏன் வளைந்திருக்கிறது

கடலூர்–சிதம்பரம் பஸ்ஸில் நான் நின்றுகொண்டிருந்தேன். வாய்மொழித் தேர்வுக்குப் போகும் இரண்டு மாணவர்கள் முன் சீட்டில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“மச்சான், தண்ணி மூலக்கூறு ஏன் வளைஞ்சிருக்குன்னு கேட்டா என்னடா சொல்றது?”

“ஆக்சிஜன சுத்தி நாலு ஜோடி எலக்ட்ரான். ஒன்ன ஒன்னு தள்ளும். ரெண்டு ஜோடி ஆளுக்கொரு ஹைட்ரஜனப் புடிச்சிருக்கு. மத்த ரெண்டும் சும்மா கெடக்குது. சும்மா கெடக்கறதுக்குத்தான் எடம் ஜாஸ்தி வேணும். அதுங்க தள்ளுற தள்ளுல ஹைட்ரஜன் ரெண்டும் ஒண்டிக்குது.”

பின் சீட்டில், மடியில் குழந்தையும் காலடியில் பலாப்பழமுமாக ஓரத்தில் ஒண்டியிருந்த அம்மாள் சிரித்துவிட்டாள்.

“இதுக்கா தம்பி காலேஜு? எங்க வூட்டுக்கு வந்திருந்தா நானே காட்டியிருப்பேனே!”

ஜன்னலோரம் காலை அகட்டி உட்கார்ந்திருந்த அவள் புருஷன் காலை ஒடுக்கிக்கொண்டார்.

புதுச்சத்திரத்துக்கு அப்புறம் எனக்கும் உட்கார இடம் கிடைத்தது.