ஸ்டியரிங்கை நேராப் பிடி

– இடது பக்கம் முழுசா ஒடிச்சாச்சு. அப்புறம்?

– இப்ப வலது பக்கம். மெதுவா, கேப்டன், மெதுவா. புருஷன் ஒருத்தன் வண்டிக்கு அடியில படுத்துக் கிடக்கான்னு ஞாபகம் இருக்கட்டும்.

– எப்படிங்க மறக்கும்? உங்க ரெண்டு காலும்தான் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கே. சரி, ஒடிச்சாச்சு. அப்புறம்?

– பொறு. எங்கயாச்சும் இடிக்குதான்னு பாக்குறேன்.

– இடிக்குதா?

– பொறும்மா.

– உங்க ‘பொறு’வக் கேட்டுக் கேட்டே எனக்குப் பாதித் தலை நரைச்சுப் போச்சு. வானம் வேற இருட்டிக்கிட்டு வருது. நாளைக்கு விடிஞ்சதும் நான் கிளம்பியாகணும். மலைமேல அந்த நிறைமாசப் பொண்ணு காத்துக்கிட்டு இருக்கும்.

– தெரியும். காலையில பல்லு விளக்கும்போது சொன்ன. சாப்பிடும்போது சொன்ன. இப்ப ஸ்பேனரக் கையில எடுத்தாலும் அதேதான் சொல்ற.

– சொன்னாலே வேலை நடக்க மாட்டேங்குது. சொல்லலேன்னா?

– சொல்லலேன்னா இன்னும் சீக்கிரம் நடக்கும். அந்தப் பெரிய போல்ட்ட எடுத்து என் கையில போடு. அது இல்ல, நீளமானது. ம், இதுதான்.

– ஏங்க, நிஜமாவே இது உதறல நிறுத்திருமா?

– இது என்ன மந்திரமா? ஸ்டியரிங்குக்கு ஒரு ஷாக் அப்சார்பர், அவ்வளவுதான். ஒரு முனைய அச்சுல மாட்டணும், அது முடிஞ்சுது. இன்னொரு முனைய ரெண்டு சக்கரத்தையும் சேத்துப் பிடிச்சிருக்குதே இந்தக் குறுக்குக் கம்பி, அதுல மாட்டணும். கல்லுல ஏறி சக்கரம் வெடுக்குன்னு இழுத்தா, அந்த இழுப்ப இது வாங்கிக்கும். உன் கைக்கு வராது.

– அது போதும்.

– எனக்குப் போதாது. எனக்கு இந்த வேலையே பிடிக்கல, சொல்லிட்டேன். எங்க ஆடுதுன்னு கண்டுபிடிக்காம மேல ஒண்ண மாட்டி அமுக்குறது, அழுற பிள்ளை வாயில ரப்பரச் சொருகுற மாதிரி.

– கண்டுபிடிக்கத்தான் உங்களால முடியலையே.

– குத்திக் காட்டு, நல்லாக் குத்திக் காட்டு. டயர் மாத்தினேன். ரப்பர் புஷ் மொத்தமும் மாத்தினேன். பால் ஜாயின்ட் நல்லாத்தான் இருந்துச்சு, அதையும் கழட்டிப் புதுசு போட்டேன். போன வாரம் நானே ஆத்துப் படுகை வரைக்கும் ஓட்டிட்டுப் போனேன். வெண்ணெய் மாதிரி போகுது வண்டி. நீ ஏறி உக்காந்தாதான் ஆடுதுங்கிற.

– நீங்க ஓட்டுற வேகத்துக்கு மாட்டு வண்டி கூட ஆடாது.

– பேச்சப் பாரு. ஆத்துல இடுப்பளவு தண்ணி ஓடினாலும் போகட்டும்னு இந்த வண்டிய இவ்வளவு உசரத் தூக்கிக் கட்டினது யாரு? இத்தாம்பெரிய டயர மாட்டினது யாரு? மலை சரிஞ்சு ரோட்ட அடிச்சுட்டுப் போனதுல இருந்து, மேல இருக்குற சனத்துக்கு மருந்து போகுதுன்னா, மாவு போகுதுன்னா...

– வண்டி கட்டினது நீங்க, ஓட்டுறது நான். ரெண்டு பேருக்கும் சேத்து மாலை போட்டுக்கலாம். முதல்ல போல்ட்ட முடுக்குங்க.

– சரி, சரி. இப்ப ஸ்டியரிங்க நேராப் பிடி. சக்கரம் நேரா நிக்கும்போது இந்த ஷாக் அப்சார்பர் குழாய் பாதி நீண்டு பாதி உள்ள இருக்கணும். அப்பத்தான் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓடும். பிடிச்சியா?

– பிடிச்சேன்.

– ஆட்டாத.

– ஆட்டலையே.

– ஆட்டுற, கேப்டன். போல்ட்டு ஓட்டைக்குள்ள நுழைய மாட்டேங்குது.

– நான் பாட்டுக்கு சும்மாதான் உக்காந்திருக்கேன்.

– இஞ்சின் ஓடுதா?

– சாவி உங்க சட்டைப் பையில இருக்கு.

– ஆமால்ல. அப்புறம் எப்படி... முன் சக்கரம் ரெண்டும் அந்தரத்துல தொங்குது, காத்து அடிச்சாலும் கொஞ்சம் அசையும்தான். சரி, கைய எடு.

– எடுத்துட்டேன்.

– ம்... இப்ப பிடி.

– பிடிச்சாச்சு.

– எடு.

– என்ன விளையாட்டுங்க இது? மழை வரப்போகுது.

– பிடி. இன்னொரு தடவ. கம்பி என் கையிலதான் இருக்கு, பிடி.

– பிடிச்சிருக்கேன்.

– வலது கைய மட்டும் எடு. ம். இப்ப அதை வச்சுட்டு இடது கைய எடு. எடுத்துட்டியா?

– எடுத்துட்டேன்.

– நின்னுபோச்சு. கேப்டன், கம்பி நின்னுபோச்சு. இரு, நான் வெளிய வர்றேன்.

– வராதீங்க.

– ஏன்?

– அங்கயே இருங்க. அடியில இருந்தே பேசுங்க. உங்க மூஞ்சியப் பாத்தா என்னால சொல்ல முடியாது.

– ...சரி. வரல. சொல்லு.

– என்னத்தச் சொல்ல? அதான் கையிலயே பிடிச்சுப் பாத்துட்டீங்களே.

– எப்ப இருந்து?

– பள்ளிக்கூடம் தொறந்த சமயம். வண்டி ஸ்டார்ட் பண்ண இடது கையால சாவி போடுறேன், துவாரத்துல நுழைய மாட்டேங்குது. சுத்திச் சுத்திக் கீறுது.

– துவாரம் தேஞ்சுபோச்சுன்னு சொன்ன. நான் புதுசு மாத்தினேனே!

– மாத்தினீங்க. அழகா மாத்தினீங்க. அன்னைக்கு நைசா ஒரு மூச்சு அழுதேன், தெரியுமா? வேற என்ன பண்றதுன்னு தெரியல.

– டாக்டர்ட்ட போனியா?

– போனேன். ஏதோ நரம்புன்னாங்க. எழுந்து நட, உக்காரு, விரலத் தட்டுன்னு என்னென்னமோ பண்ணச் சொன்னாங்க. மாத்திரை குடுத்திருக்காங்க. இது போகாதாம், கட்டுக்குள்ள வைக்கலாமாம்.

– மாத்திரை எங்க? வீட்டுல நான் பாக்கவே இல்லையே.

– வண்டிக்குள்ளதான். டேஷ்போர்டுக்குப் பின்னாடி சந்துல.

– அடிப்பாவி! அந்தக் கடகட சத்தம் அதுவா? ஏதோ ஸ்க்ரூ விழுந்து கிடக்குன்னு நான் ரெண்டு நாள் தலையப் பிச்சுக்கிட்டேனே. பிரிச்சுப் பாக்கலாம்னு வந்தப்ப, வேண்டாம், சத்தம் நின்னுபோச்சுன்ன.

– பஞ்சு வச்சு அடைச்சேன். நின்னுபோச்சு.

– சிரிக்காத.

– சிரிக்கலீங்க.

– அப்ப இத்தனை நாளா நல்ல வண்டியத்தான் நான் கழட்டிக் கழட்டி மாட்டியிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? என்கிட்டச் சொல்லாம யார்கிட்டச் சொல்லப்போற?

– சொன்னா என்ன பண்ணுவீங்க? சாவியப் பிடுங்குவீங்க.

– பிடுங்கத்தான் செய்வேன்!

– அதுக்குத்தான் சொல்லல. அந்தச் சீட்டுல உக்காந்தாதான் நான் நானு. கீழ இறங்கினா எனக்கு என்ன பேரு? கேப்டன்னு கூப்பிடுவீங்களா?

– கூப்பிடாம?

– பாவம்னு கூப்பிடுவீங்க. எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க, ஒவ்வொரு தினுசா.

– அப்ப இந்தக் குழாய எதுக்கு வாங்கச் சொன்ன? வண்டியில ஒரு கோளாறும் இல்லைன்னு உனக்குத்தான் தெரியுமே.

– வண்டிக்குன்னு யாரு சொன்னா? எனக்குத்தான் வாங்கினேன். சக்கரத்தோட உதறல் கைக்கு வராதுன்னா, கையோட உதறல் சக்கரத்துக்கும் போகாதுல்ல? அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

– நல்லாப் போட்ட கணக்கு! ஏம்மா, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம். அந்த வளைவுல எதிர்ல ஒரு கல்லு உருண்டு வந்தா சட்டுன்னு ஒடிக்கணும். அப்ப உன் கை சொன்னபடி கேக்கலேன்னா? இந்தக் குழாயா ஒடிக்கும்?

– தெரியுது.

– என்ன தெரியுது? பின்னாடி ஒரு நிறைமாசக்காரிய படுக்க வச்சுக்கிட்டு இறங்கலாம்னு இருந்தியே, உனக்கு எப்படி மனசு வந்துச்சு? ரெண்டு உசுரு! உன்னை நம்பி ஏறுறவங்ககிட்ட, எனக்குக் கை நடுங்கும்னு சொல்லி ஏத்துவியா? பேசு.

– கோபப்படுங்க. கோபம் தீர்ந்ததும் சொல்லுங்க, பேசுறேன்.

– தீராது. நான் இந்தப் போல்ட்ட முடுக்க மாட்டேன். இப்பவே காட்டிலாகா ஆபீசுக்குப் போன் பண்றேன், அவங்க ஜீப்ப அனுப்பச் சொல்லி.

– அதெல்லாம் வேண்டாம்.

– ஏன் வேண்டாம்? உன் வீம்புக்கு அந்தப் பொண்ணு பலியா?

– போன் வேண்டாம்னேன், அவ்வளவுதான்.

– அப்ப ஒண்ணு செய்யுறேன். நாளைக்கு நான் ஓட்டுறேன்.

– நீங்களா? மூணாவது வளைவுல கண்ண மூடிக்கிட்டு சாமிய வேண்டினவரு நீங்க.

– அது சீட்டுல சும்மா உக்காந்திருந்ததால. ஸ்டியரிங் கையில இருந்தா மூட மாட்டேன். நீ பக்கத்துல உக்காந்து சொல்லு. எங்க கியர் குறைக்கணும், எங்க ஓரம் கட்டணும், எந்தப் பாறையில எந்தச் சக்கரத்த ஏத்தணும்னு. உனக்குத்தான் அந்த வழி தூக்கத்துலயும் தெரியுமே.

– உங்களுக்குக் கை நடுங்குமே.

– நடுங்கட்டும். எனக்குப் பயத்துல நடுங்குறது. பயம் போனா நின்னுரும். என்ன சத்தம், அழுறியா?

– இல்ல. தகரத்துல மழை விழுது, அந்தச் சத்தம்.

– எனக்குத் தெரியும் எது மழைன்னு. இப்ப வெளிய வரட்டுமா?

– வாங்க.

– கையக் குடு, எழுந்திருக்கணும். இந்தக் கை இல்ல, இடது கை. ம். இதுதானா? இது என் கையில இருக்கட்டும், ஆடினா ஆடட்டும்.

– கிரீஸு அப்புது.

– அப்பட்டும். நாளைக்கு அந்தப் பொண்ண நம்ம ரெண்டு பேருமாப் பூ மாதிரி இறக்கிருவோம், என்ன?

– அவ இறங்கிட்டா.

– என்னது?

– முந்தாநேத்தே. காட்டிலாகா ஜீப்புல. வண்டி ரிப்பேருன்னு நான்தான் போன் பண்ணி அனுப்பச் சொன்னேன். பொட்டப்புள்ள பொறந்திருக்காம், நல்லா இருக்காங்களாம் ரெண்டு பேரும்.

– அப்ப காலையில இருந்து நாளைக்குக் கிளம்பணும், கிளம்பணும்னு என் உசுர வாங்குனியே? இவ்வளவு நேரம் நான் கத்தினப்பவும் வாய மூடிக்கிட்டு உக்காந்திருந்தியே? நாளைக்கு யாரத்தான் ஏத்தப்போற?

– யாரையும் இல்லீங்க. கடைசியா ஒரே ஒரு தடவ, நான் மட்டும் தனியா மேல வரைக்கும் ஓட்டிட்டு வந்து, சாவிய உங்க கையில குடுத்துரலாம்னு இருந்தேன்.