சிகாகோவுக்கு இருபத்தெட்டு மணி நேரம்

மெட்ராசிலிருந்து சிகாகோவுக்கு ஏறக்குறைய பதின்மூவாயிரத்து எழுநூறு கிலோமீட்டர். பம்பாயிலும் லண்டனிலும் இறங்கி ஏறினால் இருபத்தெட்டு மணி நேரம். எங்கள் சென்னீர்குப்பத்திலிருந்து மீனம்பாக்கம் ஏர்போர்ட் போகும் ஒன்றரை மணி நேரத்தைப் பலர் சேர்ப்பதில்லை. நான் சேர்ப்பேன், இன்ஸ்பெக்டர் ஐயா. அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினேழு வருடமாக டைம் கீப்பர் நான்.

அண்ணன் பாஸ்கல் சிகாகோவில் இன்ஜினியர். எங்கள் நைனா வேதமுத்து பக்கவாதத்தில் படுத்து நான்கு வருடமாகிறது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் நானும் என் மனைவி தெரசாவும்தான். தன் சவப்பெட்டிக்கு மூத்த மகன் தோள் கொடுக்க வேண்டும் என்பது நைனாவின் ஆசை. வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்குத் தெரியும்.

தொண்ணூற்றிரண்டில் டாக்டர் கையை விரித்தார். தந்தி கொடுத்தேன். அண்ணன் டாக்சியை விட்டு இறங்கிய அன்றே நைனா கண் திறந்து கஞ்சி கேட்டார். மறு வருடமும் அப்படித்தான். அப்போது கோயில் சாமியார் வந்து, சாகப்போகிறவர்களுக்குக் கொடுக்கும் அவஸ்தைப் பூசுதலே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அடக்கத்துக்கென்று கொண்டுவந்த கறுப்புக் கோட்டை அண்ணன் மடித்துத் திரும்பப் பெட்டியில் வைத்ததைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

இந்த ஜூலையில் மூன்றாவது முறை. எட்டு நாள் லீவு. ஐந்தாம் நாள் புதன்கிழமை, நைனா சாய்ந்து உட்கார்ந்து ஆப்பம் கேட்டார்.

அண்ணன் வாசலில் நின்று டிக்கெட்டைப் பார்த்தார். "இன்னா தம்பி, இந்த வாட்டியும் எய்ந்து குந்திக்கினாரு. இனிமே ரெண்டு வருசத்துக்கு லீவு கெடையாது. நான் போனப்புறம் இன்னாச்சும் ஆச்சுன்னா?"

"நான் பாத்துக்கறேண்ணே."

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. அவரைக் குறை சொல்லாதீர்கள்.

ஞாயிறு காலை விமானம். சனிக்கிழமை துக்கம் விசாரிப்பவர்களுக்கு. அடக்கம் வெள்ளி மாலை. அப்படியானால் வியாழன் மதியத்தைத் தாண்டக் கூடாது.

வியாழன் இரண்டரை மணிக்கு அண்ணன் ஊறுகாய் வாங்கப் பூந்தமல்லி போயிருந்தார். தலையணை, நான்கைந்து நிமிடம். வலது கை மட்டும் கொஞ்சம் அடித்துக்கொண்டது. அது பக்கவாதம் வராத கை. கஞ்சி டம்ளரோடு தெரசா கதவருகே நின்றிருந்தாள். உங்களிடம் வந்து சொன்னவள் அவள்தான். நல்லவள். தூரம், நேரம் எதுவும் அவளுக்குப் புரியாது.

அடக்கத்தில் ஒரு குறையும் இல்லை. அண்ணன் கோட்டுப் போட்டு முன்பக்கம் தோள் கொடுத்தார். மீனம்பாக்கத்தில் என்னைக் கட்டிக்கொண்டு, "எல்லாம் கரீட்டா முட்ஞ்சுது தம்பி" என்று அழுதார்.

தெரசா இன்னொன்றும் சொல்லியிருப்பாள். நான் தலையணையைக் கையில் எடுத்தபோது நைனா என்னைப் பார்த்துப் பேசியது உண்மை. "பெரியவன இன்னாத்துக்குடா சும்மா சும்மா அலைய வுடுற? நீ கூடவே கீறியே, அது போதும்டா."

வாய் குழறுகிற மனிதர், ஐயா. கடைசியில் பெரியவனைத்தான் தேடினார் என்று எழுதிக்கொள்ளுங்கள்.